ஒரு நாள் தள்ளிப்போன பாடு

2024 அக்டோபர் 26, சனிக்கிழமை காலை, பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள எங்கள் குப்பத்தில் இணைப்பு வாங்கிய எல்லா வீடுகளிலும் இணையம் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

இணையம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணம்தான் இருக்கும், மேடம். ஜனங்கள் அது தெரியாமல் பதறிப்போகிறார்கள். கணினியை அணைக்கிறார்கள், போடுகிறார்கள், கம்பெனியைத் திட்டுகிறார்கள். பழுது பார்க்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சுவரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மோடத்தில் விளக்கு எரிகிறதா, எரிந்தால் பச்சையா சிவப்பா என்று. பச்சை என்றால் பழுது வீட்டுக்குள். சிவப்பு என்றால் வெளியே. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் தள்ள முடியாமல் எது நிற்கிறதோ அதுதான் பழுது. காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் வேலை நடக்கும் இடத்தில் ஒப்பந்த எலக்ட்ரீஷியனாக நான் பல வருஷமாகச் செய்துவருவது இதைத்தான். அவசரப்படுகிறவன் என்று என்மேல் யாரும் குறை சொன்னதில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதே வரிசையில் சொல்கிறேன்.

என் மனைவி வெண்ணிலா தமிழ் எம்.ஏ. படித்தவள். மீஞ்சூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தாள். கொரோனா சமயத்தில் அந்த வேலை போய்விட்டது. வீட்டில் சும்மா உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் வளர்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணினி வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். கணினி நான் வாங்கிக் கொடுத்ததுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவள் வேலைக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார். மேசை, நாற்காலி, தலையில் மாட்டிக்கொள்கிற ஹெட்போன் எல்லாம் நான் பார்த்துப் பார்த்து வாங்கியவை. பிடிக்காதவன் அப்படிச் செய்வானா என்று நீங்களே யோசியுங்கள்.

அவளிடம் இரண்டு தமிழ் இருந்தது. என்னிடம் "இன்னாங்க, துன்னீங்களா" என்பாள். அந்தப் பிள்ளைகளிடம் "என்ன கண்ணா, சாப்பிட்டாயா" என்பாள். வேலை முடிந்து வந்து அடுத்த அறையில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். மழை, பழம், ஏழை என்று அவள் சொல்லச்சொல்ல அந்தப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும். அவ்வளவு சுத்தமாக இருக்கும். அந்தத் தமிழில் அவள் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

எங்கள் வீடு குப்பத்தின் கடைசி வீடு. அதற்கப்புறம் ஏரிதான். இணைய வயர் ஊருக்குள் கம்பம் கம்பமாக வந்து, கடைசிக் கம்பத்திலிருந்து எங்கள் மாடிக்குத் தாவும். மாடியில் பழைய டிஷ் ஆன்டெனாவுக்குப் போட்ட இரும்புப் பைப் இருக்கிறது. வயரை அந்தப் பைப்பில் கட்டி, பக்கத்தில் படிச் சுவரில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி அடித்து, அங்கே இணைத்துக் கீழே இறக்கியிருக்கிறார்கள். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை. உப்புக் காற்றில் எதுவும் நிலைக்காது. பெட்டிக்குள் இருக்கிற முனையில் உப்புப் பூத்துவிடும். உடனே மோடத்தில் சிவப்பு விளக்கு.

முதல் தடவை சிவப்பு விளக்கு எரிந்தது இயற்கையாக. அதில் என் கை இல்லை.

அப்போதுதான் கவியரசன் வீட்டுக்கு வந்தான். எங்கள் குப்பத்துப் பையன்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பழவேற்காட்டில் கேபிள் ஆபீசில் வேலை. என்னைக் கண்ணப்பண்ணா என்பான், அவளை அண்ணி என்பான். மரியாதையான பையன். அவன் நடத்தையில் குறை சொல்ல எதுவும் இல்லை என்று அப்போதும் எனக்குத் தெரியும், இப்போதும் சொல்கிறேன்.

அன்றைக்கு நான் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பேச்சு கேட்டது.

"நீ சொன்னாப்புல சுவிச்ச அணைச்சு, பத்து எண்ணி, திரும்பப் போட்டேன். ஒண்ணும் ஆவல" என்றாள் அவள்.

"இன்னான்னு எண்ணீங்க அண்ணி, ஒண்ணு ரெண்டுன்னா?"

"பின்ன?"

"அதான் வேலைக்கு ஆவல. அது தமிழ் படிக்காத மோடம். ஒன், டூன்னு எண்ணணும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் கழித்து நானும் அதே ஜோக்கைச் சொல்லிப் பார்த்தேன். அவள் "ம்" என்று புன்னகைத்தாள். வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாக ஒப்பித்தால் அதன் மனம் நோகாமல் இருப்பதற்காகப் புன்னகைப்பாளே, அது.

இதில் பழுது எங்கே என்று யோசித்தேன். அவள் என்னைப் பழுது பார்க்கத் தெரிந்தவனாகப் பார்த்ததே இல்லை என்பதுதான் எனக்குப் பட்டது. நான் பார்க்கிற வேலை அவள் கண்ணில் படுவதில்லை. அவள் பார்க்கும்படி வீட்டிலேயே செய்யலாம் என்று நினைத்தேன். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது மோடத்தின் பின்னால் வயரை லேசாகத் தளர்த்திவிட்டுப் போனேன்.

எதிர்பார்த்த நேரத்தில் போன் வந்தது. "இன்னாங்க, நெட்டு பூடுச்சு." நான் வெளியே வந்து நின்று, நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். சுவிட்சைப் பார், விளக்கைப் பார், பின்பக்கம் கை விட்டு வயரைத் தடவிப் பார். அவள் சொன்னபடி செய்தாள். "ஆமாங்க, லூசாதான் கீது" என்றாள். அந்தச் சில நிமிஷம் அவள் என் குரல் சொன்ன இடத்துக்கெல்லாம் நடந்தாள். கல்யாணமானதிலிருந்து எனக்கு அதைப் போல ஒரு நிமிஷம் வாய்த்ததில்லை. பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அப்படிச் செய்தேன். ஒரே பழுதாக இருந்தால் சந்தேகம் வரும் என்று மாற்றி மாற்றிச் செய்தேன். ஒரு நாள் பிளக், ஒரு நாள் வயர், ஒரு நாள் கணினிக்குள் இணையத்துக்காகப் போட்டிருக்கிற ஏதாவது ஒரு எண். ஒவ்வொரு தடவையும் நானே போனில் சரிசெய்தேன். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் ஒரு நாள் போன் வரவில்லை. மத்தியானம் நானே கூப்பிட்டேன். "காலைலயே பூடுச்சுங்க. கவிதான் வந்து போட்டுக் குடுத்தான். நீங்க வேலையில இருப்பீங்க, எதுக்குத் தொல்லைன்னு..." என்றாள். என் சிரமத்தைக் குறைத்திருக்கிறாள். கோபப்பட அதில் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் கவி வழியில் நின்றான். வண்டியை நிறுத்தினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அண்ணா, வயரெல்லாம் நல்லாத்தான் கீது. உள்ளாற யாரோ நம்பர மாத்திக்கினே கீறாங்க. அண்ணி கையில சொல்லல. உங்க கையிலதான் சொல்றேன்." சரி பார்க்கிறேன் என்றேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவளிடம் சொல்லாமல் என்னைக் காப்பாற்றினான். ஒருவன் தன் வீட்டிலேயே இன்னொருவன் தயவில் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ.

பிறகு வீடு முழுக்க நீல டேப் வந்தது. கவி வயர் சுற்றுகிற டேப். மிச்சத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். துடைப்பக் கட்டையில் நீல டேப். உடைந்த பிளாஸ்டிக் குடத்துக் காதில் நீல டேப். ஒரு நாள் காட்டுப்பள்ளியில் சாப்பாட்டு டப்பாவைப் பிரித்தால், விரிசல் விட்டிருந்த மூடியைச் சுற்றி அழகாக நீல டேப் ஒட்டியிருந்தாள். இறால் தொக்கு வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாம்சன் டப்பாவைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, உன் சோத்துக்குக்கூட கனெக்‌ஷன் குடுத்துட்டாங்களா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பிட முடியவில்லை.

நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை, மேடம். இதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சந்தேகப்படுகிறவன் கத்துவான், அடிப்பான். நான் சோதித்துப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்தேன். கவியின் நம்பரை "நெட்டு" என்று போட்டு வைத்திருந்தாள். அதில் இருந்ததெல்லாம் "செவப்பு", "வரேன் அண்ணி", "பச்சை வந்துடுச்சு, தேங்க்ஸ்" என்பவைதான். கணினியில் அவள் எந்தெந்தப் பக்கத்தைத் திறந்தாள் என்று பார்த்தேன். பாடம், பாட்டு, வாய்ப்பாடு. ஒன்றும் இல்லை. ஒன்றும் தெரியவில்லை என்பதால் பழுது இல்லை என்று ஆகிவிடாது. என் தொழிலில் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டால் கப்பல் எரிந்துபோகும்.

இங்கே பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளியூர். எங்கள் ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் நடக்கும். அதனால் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். உன் பாடு வருகிற நாளில் அந்த இடம் உன்னுடையது. வேறு எவனும் அங்கே வலை இறக்க மாட்டான். நீ வலை கட்டாமல் கரையில் உட்கார்ந்திருந்தாலும் இறக்க மாட்டான். என் நைனா இருந்தவரை எங்கள் வீட்டுக்கும் பாடு இருந்தது. நான் துறைமுகத்துப் பக்கம் வேலைக்குப் போனதால் என் பேரைப் போடவில்லை. ஆனால் அந்த நியாயம் ரத்தத்தில் இருக்கிறது. கல்யாணத்தை நான் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன். நான் வலை கட்டினேனா கட்டவில்லையா என்பது வேறு பேச்சு. இடம் என்னுடையது. கவியின் அப்பா பேரில் பாடு இருக்கிறது. அவருக்கு முட்டி வலி, கவிதான் தண்ணீரில் நிற்பான். அதாவது இந்த முறை தெரிந்தவன்தான் அவன்.

செப்டம்பரில் அவள் நிறுவனத்தில் ஒரு விழா வைத்தார்கள். கணினியில்தான். பெற்றோர்களெல்லாம் வருவார்கள், ஆசிரியர்கள் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேச வேண்டும். அன்றைக்கு நான் லீவு போட்டேன். எந்த வயரையும் தொடவில்லை. பக்கத்து வீட்டுக் காந்தா அக்காவும் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெண்ணிலா பச்சைப் புடவை கட்டியிருந்தாள். அந்தத் தமிழில் பேசினாள். "ஏரிக்கரையில் ஒரு சிற்றூரிலிருந்து உங்களோடு பேசுகிறேன். இந்த இணைப்பு அறுந்துபோகாமல் காத்துவரும் கவியரசனுக்கு என் முதல் நன்றி" என்றாள்.

கணினி வாங்கியவன் நான். அந்த நாற்காலி வாங்கியவன் நான். அவள் எதிரில் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சுத்தமான தமிழில் ஓர் ஆண்பிள்ளை பேர் வந்தது, அது என் பேர் இல்லை.

"தம்பி கவியரசன்" என்றுதான் சொன்னாள் என்று காந்தா அக்கா பிறகு சொன்னார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. கடைசியில் என் பேரையும் சொன்னாளாம். அதற்குள் நான் எழுந்து வெளியே போயிருந்தேன்.

கவி வருவதை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளிடம் சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவனிடம் சொன்னால், இணையத்தைக் கெடுப்பது யார் என்று அவன் வாயைத் திறந்துவிடுவான். இரண்டும் வேண்டாம் என்று தள்ளினேன். மிஞ்சியது ஒன்றுதான்.

இணைய வயரில் மின்சாரம் கிடையாது, வெறும் வெளிச்சம்தான் போகும். அதனால் அதைத் தொடுகிறவர்கள் பயப்படுவதில்லை. கவி மாடியில் வேலை செய்யும்போது பையைப் பைப்பில் மாட்டுவான். இடது கையால் பைப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சுவரிலிருக்கும் பெட்டியைத் திறப்பான். ஒரு தடவைகூட மாற்றிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்தப் பைப்பில் மின்சாரம் ஏற நான் என்ன செய்தேன் என்பதை மின்வாரியத்திலிருந்து வந்தவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். படித்துக் காட்டினீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். மழைக்காலம், பழைய வீடு, ஈரச் சுவர். யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

நாளையும் பார்த்துத்தான் வைத்தேன். வெள்ளிக்கிழமை கவிக்குப் பாடு. அன்றைக்கு விடியலில் தண்ணீரில் இறங்கினால் வெயில் சாயும்போதுதான் கரை ஏறுவான். சனிக்கிழமை சும்மா இருப்பான், கூப்பிட்ட உடனே வருவான். சனிக்கிழமை காலை அவளுக்குச் சிங்கப்பூர் வகுப்பு. பெற்றோர் முன்னால் பிள்ளைகள் பாட்டு ஒப்பிக்கிற நாள். அதற்கு முந்தைய வாரம்தான் நிறுவனத்திலிருந்து அவளுக்குச் சொல்லியிருந்தார்கள், இன்னொரு தடவை வகுப்பு பாதியில் நின்றால் பிள்ளைகளை வேறு டீச்சரிடம் மாற்றிவிடுவோம் என்று. ராத்திரி அழுதாள். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். ஆகவே சனிக்கிழமை சிவப்பு விளக்கு எரிந்தால் அவள் ஒரு நிமிஷமும் தாமதிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நான் செய்த தப்பு இங்கேதான். வியாழக்கிழமை விடியற்காலை எங்கள் ஊர்ப் பெரியவர் நாகப்பன் இறந்துபோனார். சாவு விழுந்தால் அன்றைக்கு ஏரியில் வலை இறங்காது. எடுத்து முடித்த பிறகு மறுநாளிலிருந்து முறை தொடரும். வியாழக்கிழமைக்காரனுக்கு வெள்ளி, வெள்ளிக்கிழமைக்காரனுக்குச் சனி. குப்பத்தில் நடை பழகுகிற குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். நான் அந்தச் சாவுக்குப் போனேன். பாடைக்குப் பின்னால் நடந்தேன். என் பக்கத்தில் இரண்டு பேர், பாடு ஒரு நாள் தள்ளிப்போச்சு என்று பேசிக்கொண்டே வந்தார்கள். பாடு முறையில் பேர் இல்லாதவன் காதில் அது வேறு யார் வீட்டுப் பேச்சு போல விழுந்து போய்விட்டது. நைனா இருந்திருந்தால் வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை விடிந்ததும் மாடிக்குப் போனேன். பெட்டிக்குள் முனையைக் கழற்றிவிட்டேன். மற்றதையும் செய்தேன். அவள் எனக்கு டப்பா கட்டிக்கொண்டிருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. "குடை எடுத்துனு போங்க" என்றாள். எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வகுப்புக்குக் கொஞ்ச நேரம் முன்னால் போன் வந்தது. "இன்னாங்க, செவப்பு எரியுது. இன்னா செய்யணும், சொல்லுங்க."

வெளியில் பழுது, என்னால் ஆகாது, கவியைக் கூப்பிடு என்றேன். சரிங்க என்று உடனே வைத்துவிட்டாள். கவி வருகிற சந்தோஷம் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அவள் முதலில் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

இதுவரைக்கும் உங்கள் ஏட்டிடம் சொல்லிவிட்டேன். அவரும் எழுதிக்கொண்டார். கவிக்கு வைத்ததில் அவள் போய் விழுந்தாள், தவறுதலாக நடந்தது என்று எழுதியிருக்கிறார். நீங்கள்தான், போன் கம்பெனியில் கேட்டோம், அதற்குப் பிறகு இன்னொரு அழைப்பு இருக்கிறதே, அதில் என்ன பேசினீர்கள் என்று கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது.

"கவி தண்ணியில கீறான்" என்றாள். "இன்னிக்கு அவங்க பாடாம். நாகப்பன் தாத்தா செத்ததால தள்ளிப்போச்சாம்ல, உங்களுக்குத் தெரியாதா? படகுல இருந்துதான் பேசினான். மாடியில பொட்டியத் தொறந்து, உள்ளாற முனை கழண்டிருந்தா டக்குனு சத்தம் வர வரைக்கும் அழுத்துங்கன்னான். நானே போறேன்."

போகாதே என்று நான் சொல்லியிருக்கலாம். காரணத்துக்குப் பஞ்சமில்லை. மழை, பாசி, கைப்பிடிச் சுவர் இல்லை. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "கவி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். நான் சரி போ என்றேன்.

"நீங்க லைன்லயே இருங்க. ஈரமா கீது. எனக்குப் பயமா இருக்குது."

இருக்கிறேன் என்றேன். இருந்தேன். அவள் செருப்பைக் கழற்றுவது கேட்டது. படி ஏறுகிற மூச்சு கேட்டது. மாடித் தரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது. ஏரிப் பக்கமிருந்து யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பெட்டியைத் திறக்கிறாள் என்று தெரிந்தது. பைப்பை அவள் தொடவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது கவியின் பழக்கம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவள் பைப்பைத் தொடாமல்தான் வேலையை முடித்தாள்.

"இன்னாங்க" என்றாள். "டக்குனு உக்காந்துச்சு. நானே பண்ட்டேன்." சிரித்தாள். அன்றைக்கு நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேனே, அதே சிரிப்பு. முதல் தடவையாக அது என் காதுக்குள் நேராக வந்தது. அப்படியே அவள் இறங்கிப் போயிருந்தால், நான் சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டிருப்பேன். சத்தியமாக.

"கவி கையில சொன்னா நம்பவே மாட்டான்" என்றாள்.

நான் சொன்னேன், "பைப்பப் புடிச்சினு திரும்பு. வழுக்கும்."

மழையில் மாடியில் நிற்கிற யாரிடமும் எவனும் சொல்கிற வார்த்தைதான் அது. அவள்மேல் எனக்கிருந்த அக்கறையில் வந்தது. வேறு விதமாக நீங்கள் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

"ம்" என்றாள்.

நான் லைனிலேயே இருந்தேன்.

விழுந்த சத்தம் கேட்டுக் காந்தா அக்காதான் முதலில் மேலே போனார். அதற்குள் அவள் உயிர் போயிருந்தது. கவியரசனுக்கு ஆள் அனுப்பினார்கள். அவன் வலையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்தான். அவளைக் கீழே இறக்கி முன் அறையில் கிடத்தியபோது மேசைமேல் கணினி ஓடிக்கொண்டிருந்ததாம். திரையில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பாட்டு ஒப்பிக்கத் தயாராக உட்கார்ந்து, டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. இணையம் வேலை செய்துகொண்டிருந்தது.